தூண்டிலும் துடுப்பும்

ஆறு நிலமா? 1991இல் லண்டனில், பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்றது. யார்க்‌ஷரில் ஓடும் டெர்வென்ட் ஆற்றில் படகுவழி கேட்டு ஓர் அறக்கட்டளை வழக்காடியது. ஒருவர் நிலத்தின் குறுக்கே இருபது ஆண்டு தடையில்லாமல் ஊரார் நடந்தால் அது பொதுப் பாதையாகிவிடும் என்று 1932ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. நடைக்குப் பொருந்துவது படகுக்கும் பொருந்தாதா என்பது அவர்களின் வாதம். கரைக்காரர்கள் மறுத்தார்கள். சட்டம் நிலத்தின் மீது போகும் வழியைப் பற்றித்தான் பேசுகிறது, அந்தப் பொருளில் ஆறு நிலம் ஆகாது என்று தீர்ப்பானது.

வேடிக்கை இதற்கு அடுத்தபடியில் இருக்கிறது. அதே நாட்டுச் சட்டத்தில் ஆற்றுப் படுகை என்பது தண்ணீர் மூடிய நிலம். கடலின் ஏற்றவற்றம் எட்டாத பகுதியில், கரையில் நிலம் வைத்திருப்பவருக்கு ஆற்றின் நடுக்கோடு வரை படுகை சொந்தம். ஓடுகிற தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. ஆனாலும் அவர் இசைவில்லாமல் அந்தத் தண்ணீரின் மேல் துடுப்புப் போட்டால் அவர் நிலத்தில் அத்துமீறியதாகக் கணக்கு. ஆக, கரைக்காரர் வழக்குப் போட்டால் ஆறு நிலம். ஊரார் வழி கேட்டால் நிலமில்லை.

கயாக், கனூ, நின்றபடி துடுப்புப் போடும் காற்றடைத்த பலகை எல்லாம் கடைத்தெருவில் கிடைக்கும் காலத்தில் இந்தச் சிக்கல் நீதிமன்ற ஏடுகளோடு நிற்பதில்லை. ஆற்றுவழியை எப்படித் திறப்பது என்பதற்கு அங்கே மூன்று விடைகள் நெடுநாளாகப் போட்டியிடுகின்றன: கரைக்காரரோடு பேசி உடன்படிக்கை செய்வது, பழைய பாத்தியதையை வரலாற்றிலிருந்து மீட்பது, ஸ்காட்லாந்து போலப் புதிய சட்டம் இயற்றுவது. மூன்றையும் நிறுத்துப் பார்த்து ஒன்றின் பக்கம் நிற்பதே இக்கட்டுரையின் வேலை.

தராசைத் தூக்கும் முன் படிக்கற்களைக் காட்டிவிட வேண்டும். ஆற்றில் வாழும் உயிர்களுக்கு இதனால் கேடு வருமா? ஏற்கெனவே உரிமை உள்ளவருக்கு அநீதி ஆகுமா? காகிதத்தில் சொன்னது கரையில் நடக்குமா? பழக்கப்பட்ட சிலருக்கு மட்டுமின்றி, நீச்சல் தெரியாத பிள்ளையோடு வரும் குடும்பத்துக்கும் ஆறு எட்டுமா? இந்த நான்கும்தான் என் கற்கள்.

நிலவரமும் ஒரு புள்ளிவிவரமும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடலோதம் எட்டும் தூரம் வரை ஆறு எல்லாருக்கும் பொது. அதற்கு மேலே தனிச்சட்டமோ, எழுதிக் கொடுத்த அனுமதியோ, நினைவுக்கெட்டாத காலத்துப் புழக்கமோ இருந்தால் மட்டுமே பொதுப் படகுவழி உண்டு. தேம்ஸுக்கு அந்தப் பாக்கியம் இருக்கிறது. வை ஆற்றின் கீழ்ப்பகுதிக்கும் இருக்கிறது. பெரும்பாலான ஆறுகளுக்கு இல்லை.

இதற்கு மேல் மீன்பிடி உரிமை வேறு. நம்மூர்க் கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுப்பதுபோல என்று தொடக்கத்துக்குச் சொல்லலாம். ஆனால் குத்தகை ஆண்டுக்கணக்கில் முடிந்துவிடும். இங்கிலாந்தில் அது விற்கவும் வாங்கவும் வாரிசுக்கு விடவும் கூடிய சொத்து. 1972இல் ராசன் எதிர் பீட்டர்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. படகு கடந்த நேரத்தில் யாருமே தூண்டில் போட்டிருக்காவிட்டாலும் அது மீன்பிடி உரிமைக்கு இடையூறுதான் என்றது.

2000ஆம் ஆண்டில் வந்த நாட்டுப்புறச் சட்டம் மலை, மேய்ச்சல்வெளி, புதர்வெளி ஆகியவற்றில் கால்நடையாகத் திரியும் உரிமையைத் தந்தது. அதன் அட்டவணையே அந்த நிலத்திலுள்ள ஆறு குளங்களில் குளிப்பதையும் படகு விடுவதையும் விலக்கி வைத்தது. ஆற்றங்கரை வரை நடந்துவந்தவர் உரிமையோடு நிற்கிறார். நீந்த இறங்கியதும் அந்த உரிமையை இழக்கிறார்.

துடுப்புக்காரர்களின் அமைப்பு (இப்போது பேடில் யூகே, முன்பு பிரிட்டிஷ் கனூயிங்) ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இங்கிலாந்தின் உள்நாட்டு நீர்வழிகள் 42,700 மைல், அதில் தகராறு இல்லாமல் துடுப்புப் போடக்கூடியது 1,400 மைல். நூற்றுக்கு நான்குகூட இல்லை. கேட்டவுடன் கோபம் வருகிற எண் இது. அதனாலேயே தட்டிப் பார்க்க வேண்டியதும்கூட. 42,700 மைலில் படகு மிதக்கவே முடியாத ஓடைகள் எத்தனை என்பதை அந்தச் சதவீதம் காட்டுவதில்லை. 'தகராறு இல்லாத' என்ற சொல்லும் நெகிழ்வானது. மிச்சமுள்ள ஆறுகள் எல்லாவற்றிலும் காவல் போட்டிருப்பதாக அர்த்தமில்லை. பல இடங்களில் யாரும் கேட்பதில்லை, யாரும் தடுப்பதில்லை, நாளைக்குத் தடுத்தால் என்ன செய்வது என்பதும் யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே எண்ணைத் தள்ளி வைத்துவிட்டு அது சுட்டும் அமைப்பைப் பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பதற்கான பொதுப் பாதைகள் ஏறத்தாழ 1,40,000 மைல் இருக்கின்றன, வயலின் நடுவே போகிறவையும் சேர்த்து. நிலத்தில் ஊரார் கால்தடம் காலப்போக்கில் உரிமையாகிறது. நீரில் துடுப்பின் தடம் நினைவுக்கெட்டாத காலத்ததாக இருந்தாலன்றி உரிமையாவதில்லை. சதவீதம் எதுவானாலும் இந்தக் கோணல் மாறாது.

முதல் விடை: பேசித் தீர்ப்பது

அரசுகள் அதிகம் விரும்பிய விடை இதுதான். சட்டம் வேண்டாம், சண்டை வேண்டாம், கரைக்காரரும் துடுப்புக்காரரும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்படிக்கைக்கு வரட்டும் என்பது அதன் சாரம். இரண்டாயிரங்களின் நடுவில் சுற்றுச்சூழல் முகமை பிரைட்டன் பல்கலைக்கழகத்தின் துணையோடு மெர்சி, டீம், வேவ்னி, வியர் ஆகிய நான்கு ஆறுகளில் இதைச் சோதித்துப் பார்த்தது.

இந்த முறையில் மெய்யான ஒரு நன்மை உண்டு. எந்த வளைவில் மீன் முட்டையிடும் சரளைப் படுகை இருக்கிறது, தண்ணீர் எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் படகின் அடி தட்டும், எந்தப் பண்ணையின் வாசலில் வண்டி நிறுத்தலாம் என்பதெல்லாம் ஊர்க்காரருக்குத்தான் தெரியும். தலைநகரில் எழுதும் சட்டத்துக்கு அந்த நுணுக்கம் வராது.

ஆனால் அடித்தளமாக வைக்க இது தாங்காது. ஓர் ஆற்றின் இரு கரையிலும் நூற்றுக்கணக்கானவர் நிலம் வைத்திருக்கலாம். படகுப் பயணம் ஒரு சங்கிலி. நடுவில் ஒருவர் மறுத்தால் மேலும் கீழும் கையெழுத்திட்ட அத்தனை பேரின் இசைவும் பயனற்றுப் போகிறது. கையெழுத்திடுவதற்குக் கரைக்காரருக்குக் காரணமும் குறைவு. சும்மா இருந்தாலே எல்லாம் அவர் கையில் இருக்கிறது. அதனால் கிடைக்கிற உடன்படிக்கைகள் பெரும்பாலும் குளிர்காலத்தின் சில நாட்களுக்குச் சுருங்கிப்போகின்றன.

மறுபக்கமும் ஓட்டை இருக்கிறது. உடன்படிக்கையில் ஒப்பமிடுவது ஒரு படகுக் கழகம். கடையில் பலகை வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு வருகிறவர் எந்தக் கழகத்திலும் இல்லை, அந்தக் காகிதத்தைக் கேள்விப்பட்டதுமில்லை. கொடுப்பவரையும் முழுசாகக் கட்டாமல், பெறுபவரையும் கட்டாமல் ஓர் ஒப்பந்தம் எப்படி நிற்கும்? கூரைக்கு ஆகும் மரத்தை அஸ்திவாரத்தில் போட்டதுபோல்தான் இது. உரிமை ஒன்று முதலில் இருந்து, அதன் மேல் ஊருக்கேற்ற ஏற்பாடாக வந்தால் உடன்படிக்கை அருமையானது. உரிமைக்குப் பதிலாக வந்தால் அது காலந்தள்ளும் வழி.

இரண்டாவது விடை: வரலாற்றைத் தோண்டுவது

1215இன் மாக்னா கார்ட்டா தேம்ஸிலும் மெட்வேயிலும் இங்கிலாந்து முழுவதிலும் ஆற்றின் குறுக்கே கட்டிய மீன்தடைகளை அகற்றச் சொன்னது. இதையும் இதையொட்டிய இடைக்காலச் சட்டங்களையும் வைத்து, படகு போகக்கூடிய ஆறுகள் எல்லாமே ஒரு காலத்தில் பொதுவழியாக இருந்தன, அந்த உரிமையை எந்தச் சட்டமும் ரத்து செய்யவில்லை என்று டக்ளஸ் காஃபின் என்ற பாதிரியார் வாதிட்டார். 2004ஆம் ஆண்டின் அவருடைய ஆய்வு துடுப்புக்காரர்களுக்கு வேதம்போல ஆயிற்று. தூண்டில்காரர் தரப்பு தன் வழக்கறிஞர்களைக் கொண்டு அதை மறுத்தது. ஆய்வின் உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பாக அது உருப்பெறவில்லை. உருப்பெறும் வரை அதை நம்பி ஆற்றில் இறங்குபவர் சொந்தப் பொறுப்பில்தான் இறங்குகிறார்.

எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. வரலாறு உரிமை தரும்போது எப்படித் தருகிறது என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆறு நல்ல சான்று. அங்கே ஒரு கனூப் பள்ளியின் மேல் சால்மன் மீன்பிடி உரிமை வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1976இல் பிரபுக்கள் சபை கனூப் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்மலைக் காடுகளில் வெட்டிய மரத்தைத் தெப்பமாகக் கட்டி, அந்த ஆற்றின் வழியே கடல்வரை மிதக்கவிட்டிருந்தார்கள். அந்த மரவணிகம் உண்டாக்கிய படகுவழி கனூவுக்கும் செல்லும் என்பது தீர்ப்பின் அடிப்படை.

துடுப்புக்காரர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அடுத்த பள்ளத்தாக்கில், அதே அகலத்தில் ஓடும் ஆற்றில், மரம் வெட்டி விற்க அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காவிட்டால்? இன்றைய பிள்ளை அந்த ஆற்றில் இறங்கலாமா என்பதை, பதினெட்டாம் நூற்றாண்டு மரவியாபாரியின் லாபநட்டக் கணக்கா முடிவு செய்வது? வரலாற்று வாதம் வென்றாலும் ஆற்றுக்கு ஆறு ஒரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும். இரண்டாவது விடை மூன்றாம் படிக்கல்லில் எடை குறைந்து மேலே எழும்பிவிடுகிறது.

மூன்றாவது விடை: ஸ்காட்லாந்து

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2003இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. 2005 பிப்ரவரியில் அதன் அணுகல் உரிமைகள் நடைமுறைக்கு வந்தன. நிலத்திலும் உள்நாட்டு நீரிலும் பொழுதுபோக்குக்காகச் செல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு, ஆனால் பொறுப்போடு. இயந்திரப் படகு சேராது. வேட்டையும் மீன்பிடியும் சேராது. மீனின் மேல் கரைக்காரருக்கு இருந்த உரிமை அப்படியே நிற்கிறது. பொறுப்பு என்றால் என்ன என்பதை விளக்க ஒரு நடைமுறைக் கையேடு உண்டு. தூண்டில் போடுபவரைக் கண்டால் ஒதுங்கிப் போ என்கிற அளவுக்கு அது இறங்கிப் பேசுகிறது.

இதன் நுட்பம், சுமையை இடம் மாற்றி வைத்ததில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆற்றில் இறங்குபவர் தன் உரிமையை நிரூபிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் தடுப்பவர் காரணம் சொல்ல வேண்டும்.

அங்கே எல்லாம் இனிமையாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் அது திறனாய்வு ஆகாது. சட்டம் வணிக நிறுவனங்களுக்கும் பொருந்துவதால் டே ஆற்றில் ரப்பர்ப் படகுக் கூட்டங்களுக்கும் சால்மன் தூண்டில்காரர்களுக்கும் உரசல் வந்தது. லோமண்ட் ஏரிக் கரைகளில் கூடாரக் கூட்டம் பெருகி, குப்பையும் எரிந்த மரமுமாகப் போனபோது, 2017 முதல் சில பகுதிகளில் பருவகாலத்தில் அனுமதிச் சீட்டு கட்டாயமானது. எதிர்ப்பாளர்கள் இதைத் தோல்வியின் அடையாளமாகக் காட்டுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. உரிமை அளவு மீறிய இடத்தில் அந்த இடத்தை மட்டும், அந்தப் பருவத்துக்கு மட்டும் இறுக்க முடிந்திருக்கிறது. நாடு முழுவதையும் பூட்ட வேண்டியிருக்கவில்லை. ஸ்பேயிலும் டேயிலும் இன்றும் தூண்டில்காரர்கள் பணம் கட்டி வருகிறார்கள். அதே ஆறுகளில் கனூக்களும் போகின்றன.

மீனின் வழக்கு

தூண்டில்காரரின் தரப்பு வெறும் முணுமுணுப்பு இல்லை. அதில் இரண்டு வாதங்கள் கனமானவை. முதலாவது மீனைப் பற்றியது.

சால்மனும் டிரவுட்டும் குளிர்காலத் தொடக்கத்தில் சரளைப் படுகையைத் தோண்டி முட்டையிடுகின்றன. வசந்தம் வரை முட்டை அந்தக் கூழாங்கற்களுக்குள் கிடக்கிறது. மேலே ஒரு படகை இழுத்துப் போனாலோ, ஆழமில்லாத இடத்தில் இறங்கி நடந்தாலோ அது நசுங்கும். இது கற்பனை இல்லை. ஆனால் பொதுவாகத் துடுப்பால் மீன்வளம் குறைகிறதா என்ற கேள்விக்குச் சுற்றுச்சூழல் முகமை 2000இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, அப்படிக் காட்டும் சான்று ஏதுமில்லை என்று முடித்தது.

துடுப்புக்காரர்கள் இதை வெற்றிச் சான்றிதழ்போல நீட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போகக் கூடாது. சான்று இல்லை என்பதும் கேடு இல்லை என்பதும் ஒன்றல்ல. மேலும் அது காற்றடைத்த பலகைகள் ஆற்றில் குவிவதற்கு முந்தைய காலத்து அறிக்கை. ஈரமான படகும் உடையும் ஓர் ஆற்றின் களைத்துண்டையும் நுண்ணுயிரையும் அடுத்த ஆற்றுக்குச் சுமந்துபோகும் என்பதும் உண்மை. கேம்பிரிட்ஜ்‌ஷரின் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் 2010இல் 'கொலைகார இறால்' என்ற வந்தேறி உயிரி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, பார், கழுவு, காயவை என்று அரசே பிரசாரம் செய்ய வேண்டிவந்தது. அந்தப் பிரசாரம் தூண்டில்காரரின் காலணிக்கும் சேர்த்துத்தான்.

எதிர்ப்புறத் தட்டில் வைக்க வேண்டியது இது. 2018இல் ஸ்காட்லாந்தில் தூண்டிலில் சிக்கிய சால்மன், 1952இல் கணக்கெடுப்பு தொடங்கியது முதல் அதுவரை காணாத அளவுக்குக் குறைந்தது. 'பார்த்தீர்களா' என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆறுகள் பூட்டியிருக்கும் இங்கிலாந்திலும் சால்மன் அதே காலத்தில் சரிந்துகொண்டுதான் இருந்தது. திறந்த நாட்டிலும் பூட்டிய நாட்டிலும் ஒரே நோய் என்றால் கதவின் மேல் பழிபோட முடியாது. கடலில் பிழைத்துத் திரும்பும் மீன் குறைந்தது, நீர் சூடானது, தடுப்பணைகள், விவசாயக் கழிவு என்று காரணங்கள் வேறெங்கோ இருக்கின்றன. 2020இல் வந்த மதிப்பீட்டின்படி இங்கிலாந்து ஆறுகளில் நூற்றுக்கு 14 மட்டுமே நல்ல சூழலியல் நிலையில் இருந்தன. வேதியியல் அளவுகோலில் ஒன்றுகூடத் தேறவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் மழைக்கால வடிகால்கள் வழியே ஆறுகளிலும் கடலிலும் சாக்கடை கலந்த நேரம் 36 லட்சம் மணி. வை ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோழிப் பண்ணைகளின் எரு ஆற்றைப் பாசியாக்குகிறது. இத்தனைக்கும் நடுவில் கயாக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, வீட்டில் வெள்ளம் புகுந்த நாளில் குழாய்ச் சொட்டைப் பற்றிச் சண்டை போடுவதுபோல.

முதல் படிக்கல்லின் முடிவு: இடத்தையும் பருவத்தையும் பார்த்துக் கட்டுப்பாடு தேவை. முழுத்தடைக்கு மீன் சாட்சி சொல்லவில்லை.

சொத்தின் வழக்கு

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. துடுப்புக்காரர்கள் அதை அதிகம் பேசுவதில்லை.

டெர்பி நகரில் தூண்டில்காரர் சங்கம் ஒன்று இருந்தது. அந்த ஊர் ஆற்றில் பிரிட்டிஷ் செலனீஸ் ஆலை கழிவை விட்டது, நகராட்சி சாக்கடையை விட்டது, மின்நிலையம் கொதிநீரை விட்டது. மீன் செத்தது. சங்கம் மூவர் மேலும் வழக்குப் போட்டது. 1952இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தடையாணையோடு திரும்பியது. அரசின் கண்காணிப்பு பலவீனமாக இருந்த காலத்தில் ஒரு கழகம் எப்படி ஆலையையும் நகராட்சியையும் பணியவைத்தது? அதன் கையில் சொத்துரிமை இருந்தது. ஆற்றில் தனக்கு உடைமை உண்டு, அதற்கு நட்டம் வந்தது என்று அதனால் சொல்ல முடிந்தது. 1948இல் தொடங்கிய தூண்டில்காரர் பாதுகாப்பு அமைப்பு இதே ஆயுதத்தைப் பிடித்துப் பல ஆறுகளுக்காக வழக்காடியது. மீன்பிடி உரிமையை உடைத்தால் இந்த ஆயுதமும் உடையும் என்று அவர்கள் அஞ்சினால், அந்த அச்சத்தை மதிக்க வேண்டும்.

ஆனால் உற்றுப் பார்த்தால் அந்தச் சொத்துக்குள் இரண்டு வெவ்வேறு அதிகாரங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று மீனைப் பிடிக்கும் தனியுரிமை. அதைக் கெடுப்பவர் மேல் வழக்குப் போடும் வலிமை இதிலிருந்துதான் வருகிறது. மற்றொன்று, மீனைத் தொடாமல் மேலே கடந்து போகிறவரையும் தடுக்கும் அதிகாரம். 1972 தீர்ப்பு இந்த இரண்டாவதை உறுதி செய்தது. முதலாவதைக் காப்பாற்ற இரண்டாவது தேவையா? ஸ்காட்லாந்தின் அனுபவம் தேவையில்லை என்கிறது. அங்கே மீன் இன்னும் உரிமையாளருக்குத்தான். வழி மட்டும் எல்லாருக்கும்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. அங்கே மாநில அரசமைப்பே நீரை மக்களின் பயனுக்கான மாநில உடைமை என்கிறது. 1984இல் டியர்போர்ன், பீவர்ஹெட் ஆறுகள் தொடர்பான இரு வழக்குகளில் மாநில உச்ச நீதிமன்றம் பொழுதுபோக்குக்கு உகந்த நீரெல்லாம் பொதுமக்களுக்கு என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே ஓடை அணுகல் சட்டம் வந்தது. வழக்கை முன்னின்று நடத்திய கூட்டணியில் தூண்டில்காரர்களும் இருந்தார்கள்! இங்கிலாந்தில் எதிரெதிரே நிற்கும் இருவர் அங்கே ஒரே படகில் உட்கார்ந்திருக்கிறார்கள். மனிதர் மாறவில்லை, மீனும் அதே டிரவுட்தான். மொன்டானாவில் மீன் தனியாருக்குச் சொந்தமில்லாததால் தூண்டில்காரருக்கும் துடுப்புக்காரருக்கும் ஒரே கதவு தேவைப்பட்டது. அதிலிருந்து ஒன்று விளங்குகிறது: இங்கிலாந்தில் இயற்கைக்கும் கேளிக்கைக்கும் நடப்பதாகச் சொல்லப்படும் சண்டை, உள்ளபடி பத்திரத்துக்கும் பாதைக்கும் நடக்கும் சண்டை.

படியில்லாத உரிமை

இதுவரை வந்த எடையில் சட்டம் முந்துகிறது. ஆனால் நான்காம் படிக்கல்லை வைத்ததும் ஸ்காட்லாந்தின் தட்டும் ஆடுகிறது. ஆற்றில் போகலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆற்றுக்கு எப்படிப் போவது? வண்டியை எங்கே நிறுத்துவது, செங்குத்தான கரையில் எங்கே இறங்குவது, தடுப்பணை வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஏறுவது? பழகியவர் சமாளிப்பார். சக்கர நாற்காலியில் வருபவரும், தாத்தா பாட்டியோடு வருபவரும் சமாளிக்க மாட்டார்கள்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: படித்துறை. ஆறு பொது என்று ஏட்டில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, கல் படிகளாக அதைக் கரையிலும் கட்டியிருக்க வேண்டும் என்ற அறிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. மொன்டானா இதைப் புரிந்துகொண்டது. அங்கே மீன்பிடி உரிமக் கட்டணத்தின் துணையோடு 300க்கும் மேற்பட்ட ஆற்றிறங்கு இடங்களை மாநிலம் பராமரிக்கிறது. பொதுச்சாலைப் பாலங்களிலிருந்து ஆற்றில் இறங்கலாம் என்பதை 2009இல் சட்டமாகவும் உறுதிப்படுத்தியது.

இது வசதியோடு நிற்கும் விஷயம் அல்ல. 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸின் ஹாவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், மழையில் பெருகிய ஆற்றில் துடுப்புப் பலகைச் சுற்றுலா போன ஒரு குழு தடுப்பணையில் அடித்துச் செல்லப்பட்டது. நான்கு பேர் இறந்தார்கள். அணையின் அடியில் சுழன்று பின்னுக்கு இழுக்கும் நீரின் ஆபத்து பங்கேற்றவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சுற்றுலா நடத்தியவருக்கு 2025இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கரைக்காரர்கள் இப்படிப்பட்ட சாவுகளைக் காட்டி, திறந்தால் நாங்கள்தான் நட்டஈடு கட்ட வேண்டும் என்கிறார்கள். அந்தப் பயம் பெரும்பாலும் மிகை. ஆழமில்லாத ஏரியில் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்த ஓர் இளைஞரின் வழக்கில், கண்ணுக்குத் தெரியும் ஆபத்தைத் தானே ஏற்றவருக்காக நிலத்தின் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று பிரபுக்கள் சபை 2003இலேயே சொல்லிவிட்டது. ஆனால் தடுப்பணையின் இழுப்பு கண்ணுக்குத் தெரியும் ஆபத்து அல்ல. மேலிருந்து பார்த்தால் அமைதியான ஒரு கோடுதான் தெரியும். அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகையும், அதற்கு முன்னால் கரையேற ஒரு படியும் வைப்பது ஊரின் கடமை. பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறவருக்குத் தகுதியும் உரிமமும் கட்டாயமாக்குவது அரசின் கடமை.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தமிழ்நாட்டில் வருவாய்த் துறைப் பதிவில் ஆறு புறம்போக்கு. யாருடைய பட்டாவும் நடுக்கோடு வரை நீள்வதில்லை. பியாஸ் ஆற்றை ஒரு விடுதி திசைதிருப்பிய வழக்கில், 1996இல் நம் உச்ச நீதிமன்றம் ஆறு போன்றவற்றை அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது என்று சொன்னது. அதாவது இங்கிலாந்து ஏங்கும் பொதுத்தன்மை நமக்கு ஏட்டளவில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நாம் என்ன செய்தோம் என்று பார்த்தால், பொதுவாக இருப்பது மட்டும் ஆற்றைக் காப்பாற்றாது என்பது தெரியும். இறங்க ஆள் இருந்தால்தான் கேட்க ஆள் இருக்கும். வார்ஃப் ஆற்றங்கரை இல்க்லியில் குளிக்க வந்தவர்கள் போராடி, 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் முதல் அதிகாரபூர்வ ஆற்றுக் குளியலிடமாக அதை அறிவிக்க வைத்தார்கள். அறிவித்ததும் பருவம் முழுக்க நீரைச் சோதிப்பது அரசின் கட்டாயமானது. சோதனையில் தரம் 'மோசம்' என்று வந்தது. மோசம் என்று அரசே ஏட்டில் எழுத வேண்டிவந்தது, கரையில் ஆட்கள் நின்றதால்தான்.

தீர்ப்பு

ஸ்காட்லாந்து வகைச் சட்டமே சரியான வழி. அதை இரண்டு திருத்தங்களோடு ஏற்க வேண்டும்.

இயந்திரமில்லாத படகுக்கும் நீச்சலுக்கும் உள்நாட்டு நீரெங்கும் பொறுப்போடு கூடிய உரிமை சட்டத்தால் வரட்டும். மீனைப் பிடிக்கும் தனியுரிமையும், அதைக் கெடுப்பவர் மேல் வழக்குப் போடும் வலிமையும் இப்போதுள்ளபடியே உரிமையாளரிடம் இருக்கட்டும். கடந்து போவதையே இடையூறாகக் கருதும் அந்த ஒரு கிளை மட்டும் வெட்டப்பட வேண்டும். ஆற்றின் ஒரு பகுதியை மூட வேண்டுமானால் பொது அமைப்பு ஒன்று சான்றோடு, காலவரையறையோடு மூடட்டும். சரளையில் முட்டை கிடக்கும் மாதங்களும் நீர் குறைந்த நாட்களும் அதற்கு நியாயமான காரணங்கள். படகைக் கழுவிக் காயவைப்பது அறிவுரையாக இல்லாமல் கடமையாக வேண்டும். ஊர் உடன்படிக்கைகள் இந்த உரிமையின் மேல் மாடியாக எழட்டும். இது முதல் திருத்தம்.

இரண்டாவது, ஸ்காட்லாந்து தயங்கிய இடம். அங்கே உள்ளூராட்சிகள் முதன்மைப் பாதைகளுக்குத் திட்டம் வகுக்க வேண்டும்; அத்திட்டத்தில் நீர்வழியையும் சேர்க்கலாம். ஆனால் படி கட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பொதுப் பாலங்களிலும் தடுப்பணைகளிலும் இறங்கவும் ஏறவும் வழி அமைப்பது கடமையாக வேண்டும். இதற்கான செலவில் துடுப்புக்காரரும் பங்கு தர வேண்டும். தூண்டில்காரர் உரிமக் கட்டணம் கட்டும்போது நாங்கள் ஏன் கட்டவேண்டும் என்று கேட்பது அழகில்லை. ஆனால் அந்தப் பணம் வசதிக்கான கட்டணமாக இருக்க வேண்டும். ஆற்றில் இறங்குவதற்கான நுழைவுச்சீட்டாக மாறக் கூடாது.

பலகைகள் பெருகிய பின் செய்யப்படும் புதிய ஆய்வு ஒன்று, மீனுக்கு மெய்யான கேட்டைக் காட்டினால் மூடும் மாதங்களை நீட்டலாம். அப்போதும் காரணம் சொல்ல வேண்டியவர் மூடுபவர்தான். இந்தத் தீர்ப்பின் உயிர்நிலை அதுதான்.

நாடாளுமன்றம் இதைச் செய்யுமா என்பது வேறு கதை. ஸ்காட்லாந்து வகை உரிமையைத் தருவோம் என்று பேசிய தொழிற்கட்சி 2023 அக்டோபரில் பின்வாங்கியது. 1991இன் நீதிபதிகளைக் குறை சொல்வதற்கில்லை. எழுதியிருந்த சட்டத்தை எழுதியபடி படித்தார்கள். 'நிலம்' என்ற சொல்லின் பக்கத்தில் 'நீர்' என்றும் சேர்த்து எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலை. படியைக் கட்டுவது ஊரின் வேலை. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் ஆறு இன்னும் பாதிதான் திறந்திருக்கும்.